ஐந்து வயதுப் பையனுக்கு எந்த கேம், எவ்வளவு நேரம்? பிடுங்காமல் நிறுத்த வழி உண்டா?

பழைய வண்ணை அம்மா (ஞாயிறு, இரவு 10.50)

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஆறு வயது முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நான் எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், காலை பத்துக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவேன், பண்டிகை சமயம் என்றால் பத்தரை. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பையன் பள்ளி விட்டு மூன்றரைக்கு வந்தால் நான் வரும் வரை ஆயாவோடுதான், அதாவது என் அம்மா. ஆயாவுக்கு முட்டி வலி, படி இறங்குவதே பெரிய பாடு. எங்கள் தெரு ஒன்றரை ஆள் அகலம், அதிலும் பைக் வரும், தண்ணி கேன் வண்டி வரும். அதனால் போன்.

இப்போது மாடி வீட்டு அண்ணன் (ஏழாவது படிக்கிறான்) துப்பாக்கி கேம் ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டான். அதைத்தான் கேட்கிறான். போனை வாங்கினால் தரையில் புரள்கிறான், போன வாரம் ஆயா கையைக் கடித்தே விட்டான். ‘போனே கொடுக்காதீங்க’ என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, அது எங்கள் வீட்டில் நடக்காது. என்ன கேம், எவ்வளவு நேரம், எப்படி நிறுத்துவது. இது மட்டும் தெரிந்தால் போதும்.

வியாசை கோல்கீப்பர்

போனே கொடுக்காதீங்க.

சரி, திட்டாதீங்க. எங்கள் வியாசர்பாடியில் இந்த வயதுப் பொடிசுகள் பெரிய பசங்க உதைக்கிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்கவே போட்டி போடும். ஓடி ஓடி எட்டு மணிக்குத் தானாகத் தூங்கிவிடும். உங்கள் பக்கம் மைதானமே இல்லையா?

பழைய வண்ணை அம்மா

மைதானம் இருக்கிறது தம்பி, கூட்டிப்போகிற ஆள்தான் இல்லை. நீங்கள் வந்து கூட்டிப்போகிறீர்களா?

ராயபுரம் டீச்சர்

முதலில் இந்த ‘எவ்வளவு நேரம்’ பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: இரண்டு வயதுக்குள் எப்போதாவது சொந்தக்காரர்களோடு வீடியோ கால் பேசுவதைத் தவிர எதுவும் வேண்டாம், ஐந்து வரை பெரியவர்கள் பக்கத்தில் இருந்து ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்கும் குறைவு. டிவி, போன், டேப் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. டிவியை யாரும் சேர்ப்பதில்லை.

ஆனால் இருபது வருடமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றேகால் மணி ஆகிவிட்டதே என்று பதறுகிற அம்மாக்களை விட, அந்த நேரத்தில் பிள்ளை என்ன பார்த்தது என்று தெரியாத அம்மாக்கள்தான் அதிகம். உங்கள் பையன் உண்மையில் எத்தனை மணி நேரம் பார்க்கிறான்? போன் செட்டிங்ஸில் திரை நேரம் என்று இருக்கும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய வண்ணை அம்மா

பார்த்தேன் டீச்சர். பார்க்காமலே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை 4 மணி 10 நிமிடம். அதில் கேம் 50 நிமிடம்தான், மீதி முழுக்கக் குட்டிக் குட்டி வீடியோ. நான் கேமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மின்ட் செல் சர்வீஸ்

அக்கா, கடையில் நான் தினம் பார்க்கிறது இதுதான். ‘பையன் கேம் ஆடி போன் சூடாகுது’ என்று கொண்டு வருவார்கள், திறந்தால் எல்லாம் ரீல்ஸ், ஷார்ட்ஸ். கேமிலாவது கை வேலை செய்யும், தோற்றால் ஒரு நிமிடம் யோசிப்பான். விரலால் தள்ளிக்கொண்டே போகிற வீடியோவில் அதுகூடக் கிடையாது. அதை முதலில் எடுங்க.

செய்யவேண்டியது:

போன் யாருடையது? ஆயா போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் (பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்) சரிவராது. அது குழந்தைக்கென்று தனி கணக்கு போட்டு, அந்தக் கணக்கில் ஓடுகிற தனி போனுக்கு அல்லது டேபுக்குத்தான். வீட்டில் பழைய போன் ஏதாவது சும்மா கிடந்தால் அதை ரீசெட் பண்ணி, சிம் போடாமல், குழந்தைக் கணக்கோடு கொடுங்க. அப்புறம் நீங்கள் எம்.சி. ரோட்டிலிருந்தே எந்த ஆப் எத்தனை நிமிடம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று வைக்கலாம், புதிதாக எதை இறக்க வேண்டுமானாலும் உங்களைக் கேட்கும். காசு கிடையாது.

ஆயா போன்தான் கதி என்றால் செக்யூரிட்டி அமைப்பில் ‘ஆப் பின்’ இருக்கிறது. கேமைத் திறந்து பின் பண்ணிவிட்டால் வேறெங்கும் போக முடியாது, வெளியே வர நம்பர் கேட்கும். நம்பரை ஆயாவுக்குச் சொல்லுங்க, பையன் எதிரில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்க. இவனுங்க தோளுக்குப் பின்னால் நின்று ஒரே தடவையில் பார்த்துக்கொள்வானுங்க.

கொடுங்கையூர் தகப்பன்

காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. என் பொண்ணு (ஏழு வயது) பொம்மைக்கு டிரஸ் மாட்டுகிற கேம் ஒன்று ஆடுவாள். பாவம் பிள்ளை, ரத்தம் இல்லை, சண்டை இல்லை என்று நானே இறக்கிக் கொடுத்தேன். அதில் ஒரு பரிசுப் பெட்டி, உள்ளே என்ன டிரஸ் இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். திறக்கக் காசு. என் கார்டு அதில் ஏற்கெனவே ஏறியிருந்தது எனக்கே மறந்துபோச்சு. நாலு நாளில் 2,300 ரூபாய். ஒவ்வொன்றும் எழுபது, நூறு, நூற்றைம்பது என்று போனதால் மெசேஜ் வந்ததையும் பால் பாக்கெட் கணக்கு மாதிரி விட்டுவிட்டேன். கேட்டால் ‘மஞ்சள் கவுன் வரவேயில்ல நைனா’ என்று அழுகிறாள். ரம்மி மட்டும்தான் சூதாட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

கொருக்கு கேமர்

அண்ணா, பெல்ஜியத்தில் 2018லேயே காசு கொடுத்துத் திறக்கிற அந்தப் பெட்டியைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். பிளே ஸ்டோர் அமைப்பில் போய் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி மாற்றுங்க, கார்டை எடுத்துவிடுங்க. இறக்குகிற பட்டனுக்குப் பக்கத்திலேயே விளம்பரம் உண்டு, உள்ளே வாங்குதல் உண்டு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். யாரும் படிக்க மாட்டாங்க.

அப்புறம் அந்த 3+, 7+ போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். 3+ என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு நல்லது என்று அர்த்தமில்லை. பயமுறுத்துகிற காட்சி, ரத்தம், கெட்ட வார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஆளை விடாமல் பிடித்து வைக்கிற கேமுக்கும் 3+ கிடைக்கும்.

மாடி வீட்டு அண்ணன் காட்டிய கேம் எது என்று தெரியாது, ஆனால் அந்த வகை எதுவும் ஐந்து வயதுக்கு வேண்டாம். நானே ஆடுகிறவன்தான் சொல்கிறேன். பப்ஜி 2020இல் தடையாகி, பிஜிஎம்ஐ என்று வந்து, அதுவும் போய், 2023இல் திரும்ப வந்தபோது 18 வயதுக்குக் கீழே நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று அவர்களே பூட்டு போட்டார்கள். பதினேழு வயது தடியனுக்கே மூன்று மணி நேரம். அதோடு முகம் தெரியாதவன் மைக்கில் பேசுகிற பாஷையை உங்கள் பையன் ஆயாவிடம் பேசிக்காட்டினால் என்ன ஆகும் என்று யோசிங்க.

மஞ்சள் கேசட்

வயசு நாற்பத்து மூன்று ஆகிறது, என் பங்குக்கு. எங்கள் அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்த டிவி கேம் பெட்டி, மஞ்சள் கேசட், மேலே ‘9999 கேம்’ என்று போட்டிருக்கும், உள்ளே மொத்தம் ஏழோ எட்டோ. அதையே பேர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். மரியோ, டேங்க், கான்ட்ரா. நாள் முழுக்க ஆடியிருக்கிறோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதுதான் தோன்றுகிறது, நாள் முழுக்க ஆடவே முடியாது. அடாப்டர் சூடாகும். அம்மா டிவி முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு ‘கொதிக்குது, நிறுத்து’ என்பாள். ஒரு பெட்டிக்கு ஆறு பிள்ளைகள், உயிர் போனால் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். அதுதான் சட்டம். மூன்று உயிர், முடிந்தது.

இப்போதைய கேமில் உயிரே போக மாட்டேன் என்கிறது. செத்தால் ஒரு விளம்பரம் பார், திரும்ப எழுந்துகொள். நாளைக்கு வராவிட்டால் சேர்த்த வைரம் போய்விடும். என் தங்கை மகனுக்கு ஆறு வயது, ராத்திரி தூக்கத்தில் ‘தினசரி பரிசு எடுக்கல’ என்று எழுந்து உட்கார்ந்தான்.

ஆகவே என் கட்சி இதுதான்: முடிகிற கேமா, முடியாத கேமா என்று பாருங்கள். மீதி எல்லாம் அப்புறம். முடிகிற கேம் என்றால் ‘இந்த ஒன்று முடித்துவிட்டு வை’ என்று சொல்ல ஒரு இடம் இருக்கும். முடியாத கேமில் நீங்கள் எப்போது பிடுங்கினாலும் பாதியில்தான் பிடுங்குகிறீர்கள். அவன் கடிக்காமல் என்ன செய்வான்.

ராயபுரம் டீச்சர்

மஞ்சள் கேசட் சொன்னதில் எனக்கு முழு சம்மதம், ஒரே ஒரு திருத்தம். பெரியவர்களுக்குப் ‘பத்து நிமிடம்’ என்பது ஒரு அளவு. ஐந்து வயதுக்கு அது வெறும் சத்தம். ‘இன்னும் ரெண்டு ஆட்டம்’ என்றால் புரியும், விரல் விட்டு எண்ணும். அப்புறம் பெரியவர்கள் பிடுங்கக் கூடாது, அவனே அணைக்க வேண்டும், அணைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அணைத்த உடனே கைக்கு ஏதாவது இருக்கட்டும், பொட்டுக்கடலையாவது இருக்கட்டும். சும்மா சுவரைப் பார்க்கச் சொன்னால் அழத்தான் செய்வான், நானும் அழுவேன். முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். அழுததற்காக ஒரு தடவை கொடுத்துவிட்டால் அடுத்த முறை அதைவிட அதிகமாக அழவேண்டும் என்று கற்றுக்கொள்வான். ஆயாவிடம் இதைச் சொல்வதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

மண்ணடி உம்மா

எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை, மஃரிப் பாங்குதான், சூரியன் மறைந்ததும் வருகிற தொழுகை அழைப்பு. பாங்கு சத்தம் கேட்டால் போன் அலமாரிக்கு மேலே போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான். நான் நிறுத்தச் சொன்னால் என்னோடு வாதாடுவார்கள், பள்ளிவாசலோடு யார் போய் வாதாடுவது? மழைக்காலத்தில் சீக்கிரம் வரும், கோடையில் தாமதமாக வரும், அந்தக் கூடுதல் நேரம் கோடைக்கால போனஸ் என்று பெரியவன் சொல்வான். உங்கள் பக்கத்தில் கோயில் மணி, ரயில் சத்தம், என்ன கேட்கிறதோ அதை வையுங்கள்.

வியாசை கோல்கீப்பர்

உம்மா ஐடியா சூப்பர். எங்கள் தெருவில் குப்பை வண்டி பாட்டுதான் கேட்கும், அது வருகிற நேரத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடிக் கடை

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் கடைக்கு ஏழு எட்டு வயதில் முதல் கண்ணாடி போட வருகிற பிள்ளைகள் முன்பைவிட அதிகம், எங்கள் கண்ணால் பார்க்கிறோம். எல்லாம் போனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அப்பா அம்மாவுக்குக் கிட்டப்பார்வை இருந்தாலும் வரும். ஆனால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, மடியில் வைத்து ஒரு அடிக்கும் குறைவாகப் பார்ப்பது மோசம். அதே கேமை டிவியில் போட்டு எதிர்ச் சுவரில் உட்கார வைத்தால் கண்ணுக்குச் சுமை குறையும். இன்னொன்று வெயில். பகல் வெளிச்சத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது, தைவானில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே விடுவது என்று திட்டமாகவே செய்கிறார்கள். மைதானம்தான் வேண்டும் என்று இல்லை அக்கா, மொட்டை மாடி போதும். துணி காயப்போடுகிற நேரம் அவனையும் கூட்டிப்போங்கள், கிளிப் எடுத்துக் கொடுக்கட்டும்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான், டிவிக்குக் கிட்டே போகிறான் என்றால் கடைக்கு வராமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819லிருந்து இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து ஒரே பஸ். (முதலாளி இதைப் படித்தால் எனக்கு வேலை போகும்.)

பழைய வண்ணை அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சரி, இப்போது பெயர் சொல்லுங்கள். எதை இறக்கட்டும்? அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித் தெரியும், ஆங்கிலம் ஏபிசிடி அளவுதான். பழைய போன் ஒன்று வீட்டுக்காரருடையது பீரோவில் இருக்கிறது, கண்ணாடியில் கீறல்.

கொருக்கு கேமர்

என் அக்கா பையனுக்குப் போட்டுக் கொடுத்தது:

கான் அகாடமி கிட்ஸ். இலவசம், விளம்பரம் கிடையாது, வாங்கச் சொல்லாது. கோடி என்று ஒரு கரடி பேசும். ஆங்கிலம்தான், ஆனால் பையன் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வான். கதை, எண், படம் வரைவது என்று துண்டு துண்டாக இருக்கும், ஒன்று முடிந்தால் நிறுத்தலாம்.

ஸ்க்ராட்ச் ஜூனியர், ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு என்றே செய்தது. படக் கட்டைகளை வரிசையாக மாட்டினால் ஆரஞ்சுப் பூனை நடக்கும், குதிக்கும். எழுத்துத் தெரிய வேண்டாம். ஆனால் டேப் வேண்டும், சின்ன போனில் ஓடாது.

செஸ் பிடித்தால் லிச்செஸ். அதிலும் விளம்பரம் இல்லை, கம்ப்யூட்டரை முதல் நிலையில் வைத்து ஆடலாம். ஆறு வயதுக்கு மேல்தான் ருசிக்கும்.

மைன்கிராஃப்ட் காசு கொடுத்து வாங்க வேண்டும். கிரியேட்டிவ் முறையில் போட்டு, பீஸ்ஃபுல் என்று வைத்தால் பேய் பிசாசு வந்து அடிக்காது, சும்மா வீடு கட்டலாம். மஞ்சள் கேசட் அண்ணா கணக்கில் இது முடியாத கேம்தான். ஆனாலும் நான் சேர்க்கிறேன்.

மஞ்சள் கேசட்

தம்பி, அங்கேதான் தகராறு. வீடு கட்டுவது நல்லதுதான், ஆனால் ஐந்து வயதுக்காரன் ‘இன்னும் கூரை போடல’ என்று ராத்திரி பத்து வரை கட்டுவான்.

கொருக்கு கேமர்

கூரை போட்டதும் நிறுத்து என்று சொல்லுங்க அண்ணா. அதுவும் ஒரு முடிவுதானே. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ‘இன்னிக்கு என்ன கட்டப்போறே’ என்று முதலில் கேட்கணும், அவ்வளவுதான்.

மஞ்சள் கேசட்

பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் அவங்க இந்த இழையே போட்டிருக்க மாட்டாங்களே தம்பி.

மின்ட் செல் சர்வீஸ்

இரண்டு பேரும் சண்டை போடாதீங்க. கடையில் நான் சொல்கிற ஒரே சோதனை: கேமை இறக்கிய பிறகு நெட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடினால் வையுங்க. நெட் இல்லாமல் ‘இணைப்பு இல்லை’ என்று முறைக்கிற கேம் பெரும்பாலும் விளம்பரத்துக்காகவோ கடைக்காகவோதான் நெட் கேட்கும், தூக்குங்க. அப்புறம் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே பத்து நிமிடம் ஆடிப் பாருங்க அக்கா. மூடுகிற பெருக்கல் குறியே தெரியாத விளம்பரம் எத்தனை வருகிறது என்று தெரிந்துவிடும். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றாமல் கொடுக்காதீங்க, விரலில் ஏறும். மேலே டெம்பர் கிளாஸ் ஒட்டினாலும் போதும், நூறு ரூபாய் ஆகும்.

புதுவண்ணை ஸ்ட்ரைக்கர்

எல்லோரும் போனையே பேசுகிறீர்கள். வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேரம் போர்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, என்ன ஊர் இது? எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா இல்லையா? சின்ன போர்டு ஒன்று வாங்கி வையுங்கள். ஆயாவுக்கு முட்டி வலிதானே, விரல் வலி இல்லையே. கட்டில் மேல் வைத்து ஆடலாம். ஒன்பது காய் போனால் ஆட்டம் முடிந்தது, மஞ்சள் கேசட் அண்ணனுக்கும் சந்தோஷம்.

பழைய வண்ணை அம்மா (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

பழைய போனைச் சரிசெய்து குழந்தைக் கணக்கு போட்டேன். கரடி ஒன்று, ஜிக்சா மாதிரி படம் சேர்க்கிற கேம் ஒன்று, இரண்டும் நெட் இல்லாமல் ஓடுகிறது. குட்டி வீடியோ முழுக்க எடுத்தாச்சு. முதல் நான்கு நாள் ரகளை. ஐந்தாம் நாள் ஆயா என்னிடம் சொல்லாமல் தன் போனை எடுத்துக் கொடுத்துவிட்டாள், கேட்டால் ‘புள்ள ஏங்கிப்போச்சுடி, இன்னாத்துக்கு இந்த அதிகாரம்’ என்று என்னைத் திட்டினாள். டீச்சர் சொன்னது சரிதான், பையனை விட அதுதான் கஷ்டம். இப்போது ஆயா போனிலும் நம்பர் பூட்டு. ஆயாவே அந்த நம்பரை இரண்டு தடவை மறந்துவிட்டு எனக்குக் கடைக்கு போன் செய்ய முடியாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பேசினாள்.

கேரம் போர்டு வாங்கினேன். ஆயாவோடு ஒரு நாள் ஆடினான், ஆயா சிவப்பைத் தட்டிப் போட்டதும் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டான். மாடி வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, துப்பாக்கி கேமை இவன் எதிரில் ஆடாதே, கேரம் ஆட வா, டீயும் பிஸ்கட்டும் உண்டு என்றேன். டியூஷன் இல்லாத நாளில் வருகிறான். டியூஷன் நாளில் கரடிதான். நேற்று பார்த்தேன், 1 மணி 25 நிமிடம். கடி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் சரியாகவில்லை. அவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்க வேண்டும், பையன் சத்தம் போடக் கூடாது என்று தன் போனையே கையில் கொடுத்துவிட்டுப் போர்த்திக்கொள்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் கடையில் கூட்டம். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

வியாசை கோல்கீப்பர்

அக்கா, ஞாயிறு காலையில் நான் சும்மாதான் இருப்பேன். எங்கள் பக்கம் பொடிசுகளுக்கு ஆறு மணிக்குப் பயிற்சி. இதே இழையில் முதலில் ‘நீங்கள் வந்து கூட்டிப்போகிறீர்களா’ என்று கேட்டீங்களே, தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்க, முதலில் வீட்டுக்காரரோடு பேசுகிறேன். ஒரு வாரம் அவனோடு நீங்களும் வந்து பார்த்துவிட்டுப் போங்க.

பழைய வண்ணை அம்மா

காலை ஆறு மணிக்கா??

வியாசை கோல்கீப்பர்

சரி, ஏழு.